பதினோரு சிவப்புக் கட்டங்கள்

எனக்குப் பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. அதற்கப்புறம் பதினெட்டு வருடம் சிறுமுகையில், சேலைக்கு டிசைன் போடும் ஒரு கடையில் கிராஃப் தாளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கரையில் வரும் மயிலையும் மாங்காயையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்ட வேண்டும். காலையில் குனிந்தால் மத்தியானம் வரை ஒருவரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது ஒத்துப்போனது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்த நாட்கள் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கடையில் வேலை இருக்காது. அப்போதுதான் கோயமுத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டரம்மா எங்கள் முதலாளியைத் தேடி வந்தார். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். படம் போடத் தெரிந்த ஆள் ஒருவர் இரண்டு மாதத்துக்கு வேண்டும் என்றார். முதலாளி என்னைக் கை காட்டினார்.

காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் அருவி இருக்கிறது. அதுவரை அந்தச் சுற்றுப்பக்கத்து ஜனங்கள் மட்டும் போய்க் குளித்த இடம். பஸ் விட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூரில் இருந்தும் திருப்பூரில் இருந்தும் கூட்டம் வர ஆரம்பித்தது. தங்கும் விடுதி, குழந்தைகள் பூங்கா, வரிசையாகக் கடைகள் என்று ஒன்றியத்தில் பெரிய திட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் அந்த மண்ணில் கொக்கிப்புழு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒரு வரைபடம் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி, அதற்கு அனுமதியும் வாங்கியிருந்தார்.

கொக்கிப்புழு என்பதை அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். வயிற்றில் புழு இருக்கிறவர் செடி மறைவில் போய் உட்கார்ந்தால் அதன் முட்டை மண்ணில் விழும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் அது பொரித்துக் குஞ்சுப்புழுவாகும். வெறுங்காலோடு அந்த மண்ணை மிதிப்பவரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் குடலில் தொற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆள் வெளுத்துப் போவார், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும்.

அந்த அருவிக்குப் போகும் வழியில், பாக்குத் தோப்பு ஆரம்பிக்கும் இடத்தில் கன்னிமார் கல் ஏழு இருக்கும். யாராக இருந்தாலும் செருப்பை அங்கேயே கழற்றிவிட்டுத்தான் மேலே போவார்கள். அங்கிருந்து அருவி வரை ஈர மண், முழு நிழல். டாக்டரம்மா முதல் நாள் அந்தப் பாதையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "புழுவுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது" என்றார்.

நான் அடி அளந்து நடந்தேன். பத்து அடிக்கு ஒரு கட்டம். கிணறு, வாய்க்கால், பாதை, ஜனங்கள் ஒதுங்கும் புதர், ஒவ்வொரு வீடு என்று எல்லாவற்றையும் தாளில் ஏற்றினேன். இரண்டு வாரம் ஒருவரும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. நானும் யாரையும் செய்யவில்லை. அந்த இரண்டு வாரம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வேலை பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் டப்பா வந்தது. போட்டோ ஸ்டுடியோக்களில் பிலிம் ரோல் வரும் கருப்பு டப்பாக்களை டாக்டரம்மா ஒரு பை நிறையச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு எண். "எப்படியும் நீங்க வீடு வீடாப் போறீங்க. வீட்டுக்கு ஒரு டப்பா குடுத்துட்டு, மறுநாள் காலையில வாங்கிட்டு வந்துடுங்க. அந்த வீட்டு ஆளோட மலம், சுண்டு விரல் நுனி அளவு போதும். எப்படி எடுக்கணும்னு சொல்லிக் குடுங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

கடைக்காரர் வீடு, வாத்தியார் வீடு மாதிரி இடங்களில் பிரச்சினை இல்லை. டப்பாவைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆற்றோரத்தில் பதினோரு வீடு ஒரே வரிசையாக இருக்கும். எல்லாம் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வீட்டுப் பெண்கள் அருவிப் பாதையோரம் அடுப்புக் கூட்டி மீன் வறுத்து விற்பார்கள், வேர்க்கடலை அவிப்பார்கள், சோறு போடுவார்கள். வாரம் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து கிடைப்பதை அந்த ஒரு நாள் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று சொல்வார்கள்.

முதல் வீட்டுக்காரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வரிசையில் யாருக்கு என்ன தேவை என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். நான் போனபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் அவர் வாசலில் கறிவேப்பிலைக் கட்டுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

"ஆருங்க வேணும்?" என்றார் அந்த அம்மா.

"டாக்டரம்மா அனுப்பிச்சாங்க. இதுல கொஞ்சம் வேணுங்க" என்று டப்பாவை நீட்டினேன்.

"எதுங்க கொஞ்சம்?"

"புழு இருக்குதான்னு பாக்கறதுக்குங்க."

ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தாள். அந்த அம்மா அவளை முறைத்துவிட்டு, "செரிங்கண்ணா, புரிஞ்சுதுங்க. வெச்சுட்டுப் போங்க" என்றார். பதினோரு டப்பாவையும் அங்கேயே வைத்துவிட்டு, "நாளைக்கு வாரேனுங்க" என்று சொல்லிக் கிளம்பினேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் போகாமல் பாதையில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவே பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு டப்பாவும் இருந்தன, எல்லாம் நிறைந்து, மூடி அழுத்தி. "மோரு குடிச்சுட்டுப் போங்க" என்றார். வேண்டாம் என்றேன். ஜீப் டிரைவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நொம்பத் தாராளமான சனமுங்க" என்றார்.

நாலு நாளில் கல்லூரியில் இருந்து கணக்கு வந்தது. புழு முட்டை நிறைய இருந்தால் சிவப்பு, கொஞ்சம் என்றால் மஞ்சள், இல்லை என்றால் பச்சை. மற்ற இடங்களில் கலந்து கலந்து வந்தது. ஆற்றோர வரிசையில் பதினொன்றும் சிவப்பு. நான் வரிசையாகத் தீட்டினேன். கை தானாக ஓடியது, சேலைக் கரை தீட்டுகிற மாதிரி.

அந்தப் படத்தை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அதற்குள் ஜீப் டிரைவர் எனக்குச் சொல்லியிருந்தார். அடுத்த புதன்கிழமை ஒன்றியத்தில் கூட்டம். சிவப்பு வீட்டுக்காரர்களுக்குக் கடை போட அனுமதி கிடையாது. ஒரு வரிசையே சிவப்பு என்றால், கடைகளை எல்லாம் அங்கிருந்து எடுத்து ஆற்றுக்கு அக்கரையில் பண்ணையக்காரர் ஒருவருக்குச் சொந்தமான தோப்புக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே யார் கடை வைப்பது என்பதைத் தோப்புக்காரர் பார்த்துக்கொள்வார்.

சனிக்கிழமை டாக்டரம்மா பதினோரு மாத்திரைப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார். வரிசையில் மற்றவர்கள் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். முதல் வீட்டு அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை, கண் எல்லாம் வெளுத்திருந்தன. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் கும்பிட்டார்.

பொட்டலங்களைக் கொடுத்து, "பதினோரு ஊட்டுக்கும் குடுத்துருங்க. எல்லார்த்துக்கும் புழு இருக்குதுங்க" என்றேன்.

அந்த அம்மா எண்ணிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்படீன்னா பதினொண்ணையும் எங்கூட்டுக்காரரேதானுங்க முழுங்கோணும்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு வெடியறதுக்கு முந்தியே எல்லாரும் கறிவேப்பிலை வெட்டப் போயிட்டாங்க. மார்க்கெட்டுக்கு லோடு போற நாளு. டப்பாவ வெறுமனே எங்கூட்டு வாசல்ல வெச்சுட்டு, நீங்களே பாத்துக் குடுத்துப்போடுங்கக்கான்னுட்டு ஓடிப்போச்சுக. நீங்க என்னடான்னா அங்க நின்னு ஆத்தப் பாத்துட்டு இருக்கறீங்க. முந்தின நாளே சொல்ல முடியாம எத்தன சங்கடப்பட்டீங்க. உங்கள வெறுங்கையோட அனுப்பறது நல்லா இருக்குங்களா? எங்கூட்டுக்காரரு ஒருத்தருதான் ஊட்டுல இருந்தாரு. அவருத எல்லாத்துலயும் பிரிச்சுப் போட்டுட்டனுங்க. புழு எல்லார்த்துக்கும் ஒரே புழுதானுங்களே."

வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்தபடி, "எனக்குச் சொல்லவே இல்லீங்க" என்றார்.

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பையில் படம் இருந்தது. எடுத்து விரித்துக் காட்டினேன். இது உங்கள் வீடு, இது பக்கத்து வீடு என்று விரல் வைத்துச் சொன்னேன். புதன்கிழமை என்ன நடக்கும் என்றும் சொன்னேன். அவர் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இப்ப நெசத்தச் சொன்னா இந்தச் செவப்பெல்லாம் போயிருங்களா?"

"திருப்பி எடுத்துப் பாக்கோணுங்க. மத்த ஊடு மாறலாம்."

"எங்க ஊடு?"

நான் தாளை மடித்தேன். அவரே சொன்னார்: "எங்க ஊடு மாறாது. நாங்க மட்டும் செவப்பா நிப்போம்."

"சொல்லாமப் போனா பதினோரு ஊட்டுக் கடையும் போயிருங்க" என்றேன்.

அவர் திரும்பவும் மீன் கூடை முன்னால் உட்கார்ந்தார். இரண்டு மீனைச் செதில் எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க. நான் பண்ணுனதுக்கு அதுக என்ன பண்ணும், பாவம்" என்றார்.

அன்றைக்கே கோயமுத்தூர் பஸ் ஏறினேன். துடியலூர் வரும் வரைக்கும் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் சொன்னதெல்லாம் மறந்துபோனது. நான் தட்டுத் தடுமாறிச் சொன்னதை டாக்டரம்மா முழுக்கக் கேட்டார்.

"நீங்க டப்பா குடுக்கும்போது என்ன சொன்னீங்க?"

"நாளைக்கு வாரேன்னு சொன்னேனுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

அவர் கணக்குத் தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். மற்ற எல்லா இடத்திலும் ஒவ்வொரு டப்பாவுக்கும் எண்ணிக்கை வேறு வேறு. அந்த வரிசையில் மட்டும் பதினொன்றுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. "இதைப் பார்த்தப்பவே எனக்குத் தட்டியிருக்கணும். ஏழைங்க வீடு, இருக்கத்தான் செய்யும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு புதுசாகப் பதினோரு டப்பா கொடுத்தார். "திங்கக்கிழமை காலையில வேணும். இந்தத் தடவை மென்னு முழுங்காம வாயைத் திறந்து சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ் போன பிறகு, ஆற்றங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பதினோரு வீட்டு ஆட்கள் முன்னால் போய் நின்றேன். நடந்ததை அந்த அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். காது மட்டும் இல்லை, கழுத்து வரை சூடாகியது.

"நாளைக்கு வெடியால வெளிக்கிப் போறப்ப அவங்கவங்க மலத்த அவங்கவங்க டப்பாவுல போடோணுங்க. ஒருத்தருது இன்னொருத்தருதுல கலக்கக் கூடாதுங்க. குச்சியில எடுத்து, இத்தினியூண்டு போதும்" என்று சுண்டு விரலைக் காட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரி, அன்றைக்குச் சிரித்தாளே, அவள் எழுந்தாள். "ஏனுங்கண்ணா, இத்தன நாளா இதத்தான் வாய்க்குள்ளயே வெச்சிருந்தீங்களா?"

ஆற்றங்கரை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவர்கள் ஒருவரும் கறிவேப்பிலை வெட்ட நேரத்துக்குப் போகவில்லை. மேஸ்திரி தோட்டத்தில் இருந்து சைக்கிளில் வந்து சத்தம் போட்டார். "டாக்டரு சோலியா நிக்கறோமுங்க, நீங்களும் ஒரு டப்பா வாங்கிக்கறீங்களா?" என்று ஒரு கிழவர் கேட்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு வீடு மஞ்சள். எட்டு வீடு பச்சை. முதல் வீடு சிவப்பு. கன்னிமார் கல்லில் இருந்து அருவி வரைக்கும் எடுத்த மண்ணிலும் குஞ்சுப்புழு இருந்தது. அந்தப் பாதையைச் சிவப்பால் தீட்டினேன்.

புதன்கிழமை கூட்டத்தில் சுவரில் ஆணி இல்லை. அதனால் படத்தின் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டு நானே நின்றேன். டாக்டரம்மா பேசினார். தோப்புக்காரர் தரப்பில் வந்திருந்தவர் நல்ல மரியாதைக்காரர். "எங்களுக்கொண்ணுமில்லீங்க, சனத்துக்கு நல்லது நடந்தாச் செரி" என்றார். கடைகள் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று முடிவானது. அருவிப் பாதைக்குக் கல் பாவ வேண்டும், வரிசைக்குக் கக்கூஸ் கட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். கல் பிறகு பாதித் தூரத்துக்குப் போட்டார்கள்.

சிவப்பு வீட்டுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை பார்த்துச் சுத்தம் என்று வந்தால்தான் கடை போடலாம்.

"கொக்கிப்புழு சமைச்ச சாப்பாட்டுல பரவாதுங்க. மண்ணு வழியாத்தான் வரும். அந்தம்மா மீன் வறுக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி, "உங்க படத்துலதானுங்க சிவப்புன்னு போட்டிருக்கு" என்றார். எல்லோரும் நான் பிடித்திருந்த தாளைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னது அந்த அம்மாதான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. கை இரண்டும் மேலே இருந்தன. நான் சொல்லவில்லை. இப்போதும் அதை நினைத்தால் சரியாக இல்லை.

அதற்குப் பிறகு நான் சிறுமுகைக் கடைக்குத் திரும்பிவிட்டாலும், இரண்டு மாதம் லீவு நாளில் போய் அந்த வீட்டு டப்பாவை வாங்கிவருவேன். வீட்டுக்காரர் மாத்திரையும் இரும்புச் சத்து டானிக்கும் சாப்பிட்டு, எழுந்து நடமாட ஆரம்பித்தார். கட்டாயமாகச் செருப்புப் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், வாசலில் உட்கார்ந்திருக்கும்போதும் செருப்போடுதான் இருந்தார். அந்த அம்மாவுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை ஓடவில்லை. அருவிப் பாதையில் புங்க மரத்தடியில் அவர் அடுப்பு வைத்திருந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி கடை போட்டிருந்தாள். காலி இடமாக விட்டால் வெளியாள் வந்து உட்கார்ந்துவிடுவான் என்பது அவள் சொன்ன காரணம். அது உண்மையாகவும் இருக்கலாம். வரிசைக் குழந்தைகள் அந்த வீட்டைச் செவப்பூடு என்று கூப்பிடப் பழகியிருந்தார்கள். "செவப்பூட்டுத் தண்ணி வேண்டாம்" என்று ஒரு சின்னப் பெண் என் எதிரிலேயே சொன்னாள். அவளுடைய அம்மா அவளை அடித்தாள். ஆனால் தண்ணீர் வாங்கிக் கொடுக்கவில்லை.

முதல் மாதம் சுத்தம். இரண்டாவது மாதமும் சுத்தம். டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட சீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதைய நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார் அந்த அம்மா. "நீங்க சொல்லுங்கண்ணா. எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரி."

நான் அப்போதே எழுந்தேன். அந்த அம்மா கை காட்டி நிறுத்தினார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க. பஸ்ஸு ஆளுக காதுல உழுந்தா, ஓகோ, முந்தி ஏதோ இருந்திருக்குதுன்னு ஒருத்தனும் திங்க மாட்டான். பதினோரு ஊட்டு ஏவாரமும் கெட்டுப் போயிரும். நாளைக்கு வாங்க."

திங்கட்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். கறிவேப்பிலைக் கட்டை இறக்கிவிட்டு எல்லோரும் திரும்பிய நேரம். பாதையில் நின்று, முதல் வீட்டுக்காரருக்குப் புழு இல்லை, இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது, இனிமேல் கடை போடலாம் என்று சொன்னேன்.

"கேக்கலீங்க" என்றது கடைசி வீட்டில் இருந்து ஒரு குரல்.

இன்னும் சத்தமாகச் சொன்னேன். சீட்டைக் கையில் தூக்கிப் பிடித்து, டாக்டரம்மா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து முழுக்கக் கேட்டாள். "அதுக்கு ஏனுங்கண்ணா இப்படிக் கத்தறீங்க, நாங்க என்ன செவிடா?" என்றாள். பிறகு புங்க மரத்தடிக்குப் போனாள். கரி பிடித்திருந்த தன் அடுப்புக் கல் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, நாலடி தள்ளி வைத்தாள்.